சம்பந்தி இறங்க, மெக்கானிக் ஏற

ஷெட்டுக்குள் பாறையேற்றம் பழகிய ஆறு வாரமும் லிஃப்ட் மெக்கானிக்கின் கால் தரையில்தான் இருந்தது. ஏழாவது வாரம் வெளியே நிஜப் பாறைக்குப் போனார்கள். சம்பந்தி மேலேயிருந்து கையை விட்டார். மெக்கானிக் கீழேயிருந்து கிளம்பிவிட்டார். அதே கயிறு, அதே முடிச்சு, அதே இரண்டு ஆள். ஒரு வாரத்துக்குள் ஒருவர் பெருத்துவிடவும் இல்லை, மற்றவர் இளைத்துவிடவும் இல்லை. ஷெட்டில் நின்றவர் பாறையில் ஏன் பறக்கிறார் என்பது மெக்கானிக்குக்குப் பிடிபடவே இல்லை. இருபத்தேழு வருஷமாக மனிதர்களை மேலேயும் கீழேயும் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இதில் கொஞ்சம் மானப் பிரச்சினையும் இருந்தது.

பாறை ஏறப் பழகுகிறவர்களுக்கு ஏற்பாடு இப்படி. பாறையின் உச்சியில் இரண்டு போல்ட் அடித்து, அதில் ஓர் இரும்பு வளையம் தொங்கவிட்டிருப்பார்கள். கயிற்றின் ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையில் முடிச்சுப் போடப்பட்டிருக்கும். அங்கிருந்து கயிறு மேலே போய், வளையத்துக்குள் நுழைந்து, திரும்பிக் கீழே வந்து, தரையில் நிற்கிறவரின் இடுப்பில் மாட்டிய ஒரு சின்னக் கருவிக்குள் போகும். ஏறுகிறவர் ஓர் அடி ஏறினால், பிடிக்கிறவர் ஓர் அடிக் கயிற்றை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறுகிறவருக்குக் கை நழுவினால், பிடிக்கிறவர் கயிற்றைத் தொடைப் பக்கமாக இறக்கிப் பிடிப்பார். கருவி கயிற்றைக் கவ்விக்கொள்ளும். விழுந்தவர் அந்தரத்தில் நிற்பார். அன்றைக்கும் கருவி ஒழுங்காகத்தான் கவ்வியது. கயிறு ஒரு விரற்கடைகூட வழுக்கவில்லை. வழுக்காத கயிற்றோடு சேர்ந்து மெக்கானிக்கும் போனார், அவ்வளவுதான்.

வேகமாகப் போகவில்லை. நல்ல நிலையில் இருக்கிற ஒரு பழைய லிஃப்ட் போகிற வேகம். அதனால் பாதி வழியில் இருவரும் எதிரெதிரே வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரம் இருந்தது. மெக்கானிக் பெண்ணைக் கொடுத்தவர். மாப்பிள்ளையின் அப்பா எதிரே வரும்போது பார்க்காதது போல் போக அவருக்கு வரவில்லை.

"வாங்க சம்பந்தி," என்றார்.

"வர்றேன்," என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி கீழே போனார்.

சம்பந்தி தரையில் உட்கார்ந்தபோது மெக்கானிக் வளையத்துக்கு இரண்டு முழம் கீழே தொங்கிக்கொண்டிருந்தார். பயிற்சி தருகிற அம்மா ஒரு விசில் ஊதினார். அவர் பேசுவதைவிட ஊதுவது அதிகம் என்பதால் வகுப்பில் எல்லோருக்கும் அவர் விசிலம்மா. முடிச்சை யாரும் தொடக் கூடாது, மேலே இருப்பவர் கருவி வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறங்கட்டும் என்றார். சம்பந்திக்கு மனசு கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவர் மேலே தொங்கும்போது தான் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருப்பது மரியாதையாக இல்லை என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க எந்திரிச்சா அவரு மூணடி டொம்முனு இறங்குவாரு," என்றார் விசிலம்மா. "மரியாதைய அப்புறம் பாத்துக்கலாம். உக்காருங்க."

சம்பந்தி உட்கார்ந்தார்.

இந்தச் சம்பந்தி, கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரி. ஒரு வாசலில் நுழையும் முன் அந்த வாசலை ஒரு முறை பார்த்துக்கொள்கிற உடம்பு அவருக்கு. மெக்கானிக்கோ லிஃப்ட் கூரையில் இருக்கும் திறப்பு வழியாக நுழைந்து, சட்டை கசங்காமல் வெளியே வருகிறவர். இரண்டு பேருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். அதிகாரியின் பிள்ளைக்கும் மெக்கானிக்கின் ஒரே பெண்ணுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். கல்யாணமான அடுத்த மாதமே இருவரும் ஒரு பனிமலை முகாமில் வேலைக்குப் போய்விட்டார்கள். மலையில் வழி தவறியவர்களைத் தேடிக் கொண்டுவருகிற வேலை. வாரத்துக்கு இரண்டு தடவை, சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டில் ஏறி நின்று பெண் பேசுவாள். என்ன சாப்பிட்டாய், குளிர் எப்படி என்பதோடு சரி. ஒரு நாள் மட்டும், "நீ ஒரு தடவ வந்துட்டுப் போறியாப்பா?" என்று கேட்டாள். மெக்கானிக் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

திரும்பக் கூப்பிட்டபோது அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுநாள் போய் மலையேற்ற வகுப்பில் சேர்ந்துவிட்டார். முகாமுக்குப் போகிற பாதையில் கடைசியாக நாற்பதடிப் பாறை ஒன்று இருக்கிறது. அதைக் கயிற்றோடுதான் ஏற வேண்டும். ஆரம்பப் பயிற்சி முடித்த அட்டை இல்லாத ஆளை அங்கே ஏற்ற மாட்டார்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல் பாதையைப் பனி மூடிவிடும். பிறகு திறக்க எட்டு மாதம் ஆகும். மெக்கானிக்கின் மனைவிக்கு முட்டி வலி. நீங்களாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். விஷயத்தைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் செய்தால் நன்றாக இருக்காது என்று சொல்லப் போனார். தனக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அதிகாரியும் சேர்ந்துகொண்டார். சேர்ந்து வந்தவர்கள் என்பதால் விசிலம்மா முதல் நாளே இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்.

அட்டை ஜோடியாகத்தான் கிடைக்கும். மலையில் தனி ஆள் என்று ஒருவர் கிடையாது என்பது விசிலம்மாவின் கணக்கு. கடைசிச் சோதனை இதுதான்: ஏறுகிறவர் இருபத்தைந்து அடியில் சொல்லிவிட்டுக் கையை விடுவார். பிடிக்கிறவர் இரண்டு காலும் தரையில் இருக்க அவரை நிறுத்தி, மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். மெக்கானிக் விழுந்து சம்பந்தி பிடித்தபோது ஒரு சிக்கலும் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியது போல இருந்தது. சம்பந்தி விழுந்து மெக்கானிக் பிடித்ததுதான் மேலே சொன்ன கதை. இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தருகிறேன், அதற்குள் உங்களுக்குள் பேசிச் சரிசெய்துகொள்ளுங்கள் என்றார் விசிலம்மா.

பேசுவதில்தான் சங்கடமே. வீட்டில் மெக்கானிக் நடந்ததைச் சொன்னதும் அவர் மனைவி, "எடை ஒத்து வரல, வேற ஆள் கூடச் சேந்துக்கறேன்னு சொல்லிட வேண்டியதுதானே," என்றாள்.

"யாரு சொல்றது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் சொல்ல மாட்டேம்பா," என்று உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்தன்றைக்குச் சம்பந்தி உட்கார்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்து படுத்துவிட்டது. பெண் வீட்டார் பதினைந்து பேர் ஓடி வந்து, இந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வெறும் காற்று என்று கால்மணி நேரம் நாற்காலி செய்தவர்களைத் திட்டினார்கள். மெக்கானிக்தான் அதிகமாகத் திட்டியவர். அப்படிப்பட்டவர், நீங்கள் எனக்குக் கனம் அதிகம் என்று இப்போது எந்த வாயால் சொல்வார்?

ஆகவே சொல்லாமல் தீர்க்கிற வழியைத் தேடினார். அவருக்குத் தெரிந்தது லிஃப்ட். லிஃப்ட்டில் நாம் ஏறி நிற்கிற பெட்டி கயிற்றின் ஒரு பக்கம் தொங்குகிறது. மறுபக்கம் சுவரோரமாக, நம் கண்ணுக்குத் தெரியாமல், இரும்புப் பலகைகளை அடுக்கிய ஒரு சட்டம் தொங்குகிறது. பெட்டியின் எடையோடு பாதிக் கூட்டத்தின் எடையைச் சேர்த்தால் என்ன வருமோ, கிட்டத்தட்ட அந்த எடை. இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் மோட்டார் வித்தியாசத்தை மட்டும் இழுத்தால் போதும். பக்கத்துக்குப் பக்கம் எடை சரியாக இருந்தால் எதுவும் தானாக ஓடாது. இதில் மெக்கானிக்குக்குச் சந்தேகமே கிடையாது. தன் பக்கம் குறைகிறது. குறைகிற பக்கத்தில் இரும்பைச் சேர்க்க வேண்டும். இப்படிக் கணக்குப் போட லிஃப்ட் மெக்கானிக்கால்தான் முடியும்.

அடுத்த ஞாயிறு ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். உள்ளே தேய்ந்துபோன பிரேக் கட்டைகள், ஒரு துண்டுச் சங்கிலி, பெரிய ஸ்பானர்கள். சம்பந்தி பையை ஒரு பார்வை பார்த்தார்.

"பதினெட்டரை இருக்குமா?"

"தண்ணி சம்பந்தி. அப்புறம் ஒரு துண்டு."

சம்பந்தி மரியாதை தெரிந்தவர். மேற்கொண்டு கேட்கவில்லை. ஏறினார், இருபத்தைந்து அடியில் சொல்லிவிட்டுக் கையை விட்டார். இந்தத் தடவை மெக்கானிக் இரண்டடிதான் கிளம்பினார். ஆனால் அவரைத் தூக்கிய கயிறு இடுப்புக்கு முன்னால், இரும்பு முதுகுக்குப் பின்னால். கால் தரையை விட்டதும் பை அவரைப் பின்பக்கமாக இழுத்துக் கவிழ்த்துவிட்டது. தலை கீழாகவும் கால் மேலாகவும் தொங்கிக்கொண்டு அவர் கயிற்றை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. மேலே தொங்கிய சம்பந்தி, பார்த்தால் அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசிலம்மா இருவரையும் இறக்கி, பையின் ஜிப்பைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினார். பிறகு தன் கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். முதல் நாள் ஒவ்வொரு ஜோடியும் நிரப்பிக் கொடுத்த படிவம் அது. அதில் ஒரு வழக்கம் உண்டு: அவரவர் விவரத்தை அவரவர் எழுதக் கூடாது, ஜோடியாக இருப்பவர்தான் எழுத வேண்டும். மலையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் அவர் வயதையும் ரத்த வகையையும் நோயையும் எடையையும் கூட இருப்பவர்தானே சொல்லியாக வேண்டும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்கான ஏற்பாடு. இவர்கள் இருவரும் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள், ஒன்றைத் தவிர. எடை என்கிற இடத்துக்கு வந்ததும் மெக்கானிக் சற்று யோசித்து, எழுபது என்று எழுதினார். எண்பது என்றால்கூடச் சம்பந்தி மனசு கஷ்டப்படலாம் என்று அவருக்குத் தோன்றியது. மெக்கானிக்கின் எடைக்கு அதிகாரி அறுபத்தைந்து என்று எழுதியிருந்தார்.

"எழுவது கிலோ ஆளு விழுந்தா அறுவத்தஞ்சு கிலோ ஆளு பறக்க மாட்டாரு," என்றார் விசிலம்மா. "நீங்க பறந்தீங்க. ஒண்ணு பூமி தப்பு, இல்ல இந்தப் பேப்பர் தப்பு. என் கண்ணுக்கு ஒண்ணு தெரியுது, ஆனா நான் அதத் திருத்த மாட்டேன். கூட வர்றவர்கிட்ட உண்மையக் கேக்க முடியாத ஆளுக்கு நான் எப்படி அட்டை குடுக்கறது?"

அவர் காகிதத்தைக் கோப்பில் வைத்தார். இருவரும் அந்தக் கோப்பைப் பார்த்தார்களே தவிர ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு கடைசி. அதற்கு நான்கு நாள் கழித்துப் பத்தாம் தேதி.

புதன்கிழமை வேலை முடிந்ததும் மெக்கானிக் நேராக ஷெட்டுக்குப் போனார். இங்கே நான் ஏன் பறக்கவில்லை என்ற கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று அவருக்குப் பட்டது. ஷெட்டுக்குள் சம்பந்தி இருந்தார். கையில் கொக்கி வைத்த சுருள்வில் தராசு ஒன்று, நூறு கிலோ வரை காட்டக்கூடியது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார் சம்பந்தி.

"நானும் சும்மாதான்," என்றார் மெக்கானிக். அவர் தோளில் டூல் பை இருந்தது.

சும்மா வந்த இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். ஷெட்டுச் சுவரின் உச்சியில் ஒரு பிளைவுட் பெட்டி. கயிறு அதன் அடியில் ஓர் ஓட்டை வழியாக உள்ளே போய் இன்னோர் ஓட்டை வழியாக வெளியே வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது தரையிலிருந்து தெரியாது. பராமரிப்புக்காகச் சுவரோடு பதித்திருந்த இரும்பு ஏணியில் மெக்கானிக் ஏறி, நாலு திருகாணியைக் கழற்றிப் பலகையை எடுத்தார். வளையம் எதுவும் இல்லை. கெண்டைக்கால் பருமனில் ஓர் இரும்புக் குழாய் படுக்கை வாட்டத்தில் இருந்தது. கயிறு அதன்மேல் சும்மா போட்டிருக்கவில்லை. ஒரு சுற்று முழுதாகச் சுற்றிய பிறகுதான் மறுபக்கம் இறங்கியது.

மெக்கானிக் ஏணியிலேயே நின்றுவிட்டார். தொழில் பழகிய முதல் மாதத்தில் ஒரு தப்புச் செய்திருக்கிறார். மோட்டார் அறையில் லிஃப்ட் கயிறு ஓடுகிற பெரிய சக்கரத்தைத் துடைத்து, பளபளப்பாக இருக்கட்டும் என்று அதன் பள்ளங்களுக்கு எண்ணெய் தடவினார். சக்கரம் சுற்றியது, லிஃப்ட் நகரவில்லை. எடைகள் சரியாகத்தான் இருந்தன. கயிறு சக்கரத்தை உரசிப் பிடிக்கிற பிடிதான் போயிருந்தது. கயிறு ஒரு பொருளைத் தழுவிக்கொண்டு போகும்போது, தழுவுகிற தூரம் கூடக் கூட, மறுமுனைக்குப் போய்ச் சேருகிற இழுப்பு குறைந்துகொண்டே வரும். அரைச் சுற்றில் ஒரு பங்கு போய்விடும். அடுத்த அரைச் சுற்றில் மிச்சத்தில் அதே பங்கு. அதற்கடுத்ததில் மிச்சத்தின் மிச்சத்தில். அதனால்தான் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றை இரண்டு விரலால் பிடித்து ஒரு படகையே நிறுத்திவிட முடிகிறது. இருபத்தேழு வருஷமாக இதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தான் எடையை மட்டும் நினைத்தது மெக்கானிக்குக்கு வெட்கமாக இருந்தது.

கீழே இறங்கி வந்து சொன்னார். சம்பந்தி முழுவதையும் கேட்டுவிட்டு, அளந்து பார்த்துவிடலாம் என்றார். அவர் கயிற்றின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காலை மடக்கித் தொங்கினார். மறுமுனையில் தராசை மாட்டி மெக்கானிக் கையால் பிடித்துக்கொண்டார். முள் பதினைந்தில் நின்றது.

"பதினஞ்சு," என்றார் மெக்கானிக். எத்தனையில் பதினைந்து என்று தெரிந்தால்தான் பாறையில் எத்தனை வரும் என்று யோசிக்க முடியும். அந்த எத்தனையைக் கேட்க வேண்டும். தொங்கிக்கொண்டிருந்த சம்பந்தி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"தராசு நடுவுல இருக்கும்போது நான் பொய் சொல்றதில்ல சம்பந்தி," என்றார். "தொண்ணூத்தாறு. திங்கக்கெழம காலைல பாத்தது."

மெக்கானிக் முள்ளைப் பார்த்தபடியே, "நான் அம்பத்தொண்ணு," என்றார்.

"அது தெரியும். கை குலுக்கினப்பவே தெரியும். பொண்ணு வீட்டுக்காரர ஒட்டடக் குச்சின்னு எழுதின மாதிரி ஆயிடுமேன்னு அறுவத்தஞ்சு போட்டேன். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் எழுதின ஒரே கள்ள எடை அதுதான்."

"உங்களுக்கு எழுவதுன்னு போட்டது நான்."

"பாத்தேன். எழுவதுன்னு ஒரு மனுஷன் மனசார நம்பறாரேன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு." அவர் காலைத் தரையில் ஊன்றி முடிச்சைத் தளர்த்தினார். "அந்த நாற்காலி இருக்கே, கல்யாணத்துல. அது நல்ல நாற்காலிதான். அது மேல ஒரு தப்பும் இல்ல."

மெக்கானிக் பலகையை மறுபடி மாட்ட ஏணி ஏறினார். சம்பந்தி கீழே நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாறையடியில் முதல் வேலையாகப் படிவத்தை வாங்கி, பழைய எண்களைக் கோடு போட்டு அடித்து, ஒருவர் எடையை ஒருவர் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். விசிலம்மா அதைப் படித்துவிட்டு, பாதிச் சோதனை முடிந்தது என்றார். மேலே வளையத்திலும் குழாயில் சுற்றியது போலச் சுற்றிவிடலாமா என்று மெக்கானிக் கேட்டார். கூடாது என்று விசிலம்மா விளக்கினார். குழாய் பருமனானது, நீளமானது. சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் படியும். வளையம் சிறியது; சுற்றினால் கயிறு தன்மேல் தானே ஏறி இறுகிக்கொள்ளும், அப்புறம் ஏறவும் முடியாது இறங்கவும் முடியாது. பாறையில் அரைச் சுற்றுதான், அதோடு ஒப்பேற்ற வேண்டும்.

அப்படியானால் அரைச் சுற்றில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிடலாம் என்றார் சம்பந்தி. இங்கே கையால் பிடிக்கிற அளவு வராது என்பது இருவருக்கும் தெரியும். கயிறு வந்து இறங்குகிற இடத்தில் மேசை அளவுக்கு ஒரு பாறை பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. உதைத்துப் பார்த்தார்கள், மூன்று பேரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. அதைச் சுற்றி ஒரு நாடாப் பட்டையைப் போட்டு, பட்டையில் தராசை மாட்டி, தராசின் கொக்கியில் கயிற்றை முடிந்தார்கள். கயிறு அறுந்தாலும் சம்பந்தி கீழே விழாமல் இருக்க விசிலம்மா தனியாக இன்னொரு கயிற்றை அவருக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கினார். முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

"உங்களுக்கு ஏழு கிலோ கொறையுது," என்று தொங்கியபடியே சொன்னார் சம்பந்தி. கடைக்காரரிடம் சொல்கிற அதே குரல்.

கணக்கு சரியாக இருந்தது. தொண்ணூற்றாறில் முப்பத்தெட்டை வளையம் தின்றுவிடுகிறது. மிச்சம் ஐம்பத்தெட்டு கீழே இழுக்கிறது. ஐம்பத்தொன்று அதைத் தாங்காது. அதனால்தான் பழைய லிஃப்ட் வேகத்தில் மேலே போனார். பையில் பதினெட்டரை சேர்ந்தபோது அறுபத்தொன்பதரை. சும்மா தொங்கினால் அது போதும். ஆனால் விழுகிற ஆள் தொங்குகிற ஆளைவிட ஒரு நொடிக்கு அதிகமாக இழுப்பார். இன்னும் இரும்பு சேர்க்கலாம். சேர்த்தால் இன்னும் அழுத்தமாகக் கவிழலாம். மெக்கானிக் குந்தி உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முள்ளிலிருந்து பார்வை தராசுக்குப் போனது. இந்த ஏற்பாட்டிலேயே எடை குறைந்தது அந்தத் தராசுதான். ஒன்றரைக் கிலோ இருந்தால் அதிகம். அதே ஐம்பத்தெட்டு கிலோ அதையும் இழுக்கிறது. அது பறக்கவில்லை.

"சம்பந்தி, எறங்குங்க," என்றார். "மோட்டார் ரூம்ல மோட்டார் ஏன் கயித்தோட ஓடறதில்லைன்னு இப்பத்தான் நெனச்சுப் பாக்கறேன். அது கனமா இருக்கறதால இல்ல. போல்ட்டுப் போட்டிருக்கு."

தராசைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அவர் போய் நின்றார். பட்டையைத் தன் இடுப்பில் கருவி மாட்டிய அதே வளையத்தில், பூட்டுகிற கொக்கியால் மாட்டினார். விசிலம்மா வந்து பட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார். தொய்வு இருந்தால் அந்தத் தொய்வு அளவுக்குப் பறந்துவிட்டு, பிறகு வெடுக்கென்று நிற்பீர்கள் என்றார். மெக்கானிக் பட்டையைச் சுருக்கி இறுக்கினார். பட்டை, இடுப்பு, மேலே வளையம் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வருகிற மாதிரி அரையடி நகர்ந்து நின்றார். கோட்டை விட்டு விலகி நின்றால் கயிறு முதலில் அவரைக் கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

சம்பந்தி ஏறினார். இருபத்தைந்து அடியில் நின்று கீழே பார்த்தார்.

"விடட்டுமா?"

"விடுங்க."

விட்டார். மெக்கானிக்கின் இடுப்பு மேலே ஓர் இழுப்பு வாங்கியது. கீழேயிருந்து பட்டை அதே அளவு இழுத்தது. குதிகால் சற்று எழும்பித் திரும்பப் படிந்தது. விரல்கள் தரையிலேயே இருந்தன. மேலே சம்பந்தி ஓர் ஊஞ்சலில் உட்கார்ந்தவர் போல ஆடாமல் நின்றார். மெக்கானிக் கயிற்றைச் சிறிது சிறிதாக விட, அவர் நிதானமாக இறங்கி வந்து நின்றார். இந்தத் தடவை நடுவழியில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விசிலம்மா இரண்டு அட்டையிலும் கையெழுத்துப் போட்டு, முகாமுக்குப் போகிற பாதை வியாழக்கிழமை வரை திறந்திருக்கும், நாளைக் காலை கிளம்பினால் சரியாக இருக்கும் என்றார். நாற்பதடிப் பாறையின் அடியிலும் இதே போல அசையாத பாறை ஒன்று புதைந்து கிடக்கிறது என்றும் சொன்னார். பிறகு படிவத்தை நீட்டினார். எடை வித்தியாசத்துக்கு என்ன ஏற்பாடு என்று கடைசியில் ஒரு வரி இத்தனை நாள் காலியாகவே இருந்தது. சம்பந்தி குனிந்து முதுகைக் கொடுக்க, அதன்மேல் காகிதத்தை வைத்து மெக்கானிக் எழுதினார்:

ஏறுபவர் 96 கிலோ. பிடிப்பவர் 51 கிலோ. வளையத்தில் அரைச் சுற்று மட்டும் இருப்பதால் கீழே 58 கிலோ இழுக்கும். ஆகவே ஏறுபவர் தரையை விடும் முன், பிடிப்பவரின் இடுப்பு வளையத்தை அவருக்கு நேர் கீழே உள்ள அசையாத பாறையில், தொய்வில்லாமல், ஒரு பட்டையால் கட்டிவிட வேண்டும்.